எதிரெடை

குவயாகிலில் பஸ் மாறி
மொந்தானீத்தாவில் இறங்கினால் தூறல்.
வெயில் கொளுத்தும் என்றார்கள்.
சொன்னவர்கள் ஜனவரியில் வந்தவர்கள்.
எனக்கு லீவு கிடைத்தது ஆகஸ்டில்.

பலகை வாடகைக் கடையில்
மணிக்குப் பத்து டாலர் என்று
ஆங்கிலத்தில் சொன்னாள் யூலெக்ஸி தொமாலா.
கீத்தோவிலிருந்து வருகிறேன் என்றேன்
அவள் மொழியில்.
என் மொழியும் அதுதான்.
மேலும் கீழும் பார்த்தாள்.
"மலைக்காரரா? அப்ப எட்டு.
நீச்சலாவது தெரியுமா?"

அவளுக்குப் பத்தொன்பது, எனக்கு நாற்பத்து மூன்று.
இருபத்திரண்டு வருஷமாய் லிஃப்ட் மெக்கானிக்.
ஏறுவதும் இறங்குவதும்தான் பிழைப்பு என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
ஈர மணலில் பலகையின் உருவத்தைக் காலால் கீறி
அதன்மேல் என்னைக் குப்புறப் படுக்க வைத்தாள்.
கையை ஊன்று, எழு. மறுபடி. எழு.
பதினோரு தடவை எழுந்தேன்.
மணல் எங்கேயும் ஓடவில்லை.

பிறகு கடல்.

லிஃப்டுக்கு ஓர் எதிரெடை உண்டு.
நீங்கள் மேலே போகும்போது
சுவருக்குப் பின்னால் இரும்புக் கட்டிகள்
சத்தமில்லாமல் கீழே வரும்.
அந்தக் கணக்கில்தான் ஊரே ஒன்பதாம் மாடியில் தூங்குகிறது.
அலைக்குப் பின்னால் அப்படி ஒன்றும் இல்லை.
தேடிப் பார்த்தேன்,
குப்புற, மல்லாக்க,
ஒருமுறை பலகை என் தலைமேல் இருக்க,
காது நிறைய, மூக்கு நிறையத் தேடினேன்.

விடுதியில் எட்டுக் கட்டில்.
டென்மார்க்காரன் ஒருவன் தாடையில் பிளாஸ்திரி.
சிக்னலில் பந்து வீசிக் காசு சேர்க்கும்
ரொசாரியோ ஊர் ஜோடி ஒன்று.
எவ்வளவு நாளாகப் பயணம் என்று கேட்டார்கள்.
பெருவில் இரண்டு மாதம், கொலம்பியாவில் மூன்று என்று
நான் மாடி எண் சொல்வதுபோல் அவர்கள் நாடு சொன்னார்கள்.
நாலு நாள் என்றேன்.
நாலு மாதம் என்று புரிந்துகொண்டு
கை குலுக்கினார்கள்.
விட்டுவிட்டேன்.
கீழே காக்டெய்ல் சந்து
விடிகாலை நாலு மணிவரை இடித்தது.
இவ்வளவு மோசமாய் அதிரும் மோட்டாரை
நான் உடனே நிறுத்தி வைத்திருப்பேன்.

தூங்காத கண்ணோடு கரைக்கு வந்தால்
மீன்காரர்கள் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.
"ஓய், நீலச் சட்டை! வேடிக்கையா? தோள் கொடும்."
ஏழாவது ஆளாய்ச் சாய்ந்தேன்.
எங்கே பிடித்தால் எடை நகரும் என்று
அந்த ஊரில் எனக்குத் தெரிந்தது அங்கே மட்டும்தான்.
படகு மிதந்தது.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள், பதினேழாவதோ பதினெட்டாவதோ அலை,
எழுந்து நின்றுவிட்டேன்.
இரண்டு நொடி.
கேபிள் நழுவினால் பிரேக் கவ்வுவதற்குள்
ஆகிற நேரம்.
கால் கட்டைவிரலுக்குக் கீழே
தண்ணீர் எதையோ முடிவு செய்துகொண்டிருந்தது.
விழுந்து, எழுந்து, கரையைப் பார்த்தேன்.
யூலெக்ஸி போனில் சண்டை.
கேஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லையாம்.
நின்றேன், பார்த்தாயா என்று கையை ஆட்டினேன்.
நேரம் முடிகிறது என்று
அவளும் கையை ஆட்டினாள்.

கீத்தோ. வியாழன்.
கடலிலிருந்து இரண்டாயிரத்து எண்ணூறு மீட்டர்,
அதற்கும் மேலே பத்து மாடி.
மெஷின் அறையில் போல்ட் ஒன்று உருண்டு ஓட
எடுக்கக் குனிந்தேன்.
மூக்கிலிருந்து கொட்டியது
ஒரு கரண்டி பசிபிக்.
தகரத் தரையில் சொத்தென்று.

டார்ச் பிடித்திருந்த வாட்ச்மேன் கேட்டார்:
"சளியா மாஸ்டர்?"
கிரீஸ் துணியால் துடைத்தேன். உதட்டில் உப்பு.
ஆமாம் என்றேன்.
போல்ட் கிடைக்கவில்லை.